கடைசிப் பத்து நிமிஷம்

கண் தெரியாதவரை ஏமாற்றுவது எவ்வளவு சுலபம் என்று கமலவேணி அக்கா வீட்டில்தான் பார்த்தேன்.

ஐயம்பேட்டையிலிருந்து நாங்கள் பிள்ளையார்பாளையத்துக்குக் குடிவந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. கமலவேணி அக்கா பக்கத்து வீடு. பட்டு நெய்கிறவர். மத்தியானம் சாப்பிட்டதும் தறியை நிறுத்திவிட்டு, டிவியில் நடிகை வனமாலினியின் பழைய படம் ஏதாவது போடுவார். எதிர்வீட்டு வடிவாம்பாள் அக்காவும் வந்துவிடுவார். சர்க்கரையால் அவருக்கு இரண்டு கண்ணும் போய் ஐந்து வருஷம். வசனத்தைக் காதால் கேட்டுக்கொள்வார். மற்றதைக் கமலவேணி அக்கா சொல்லிக்கொண்டே வருவார்.

நானும் போய் உட்காருவேன். வனமாலினி என்றால் எனக்குப் பைத்தியம்.

வடிவாம்பாள் அக்கா வாரத்துக்கு ஒரு தடவை ஒரே படத்தைப் போடச் சொல்வார். பிள்ளை பெற்றதும் வனமாலினி செத்துப்போகிற படம். கடைசிப் பத்து நிமிஷம் வசனமே கிடையாது. குழந்தையின் விரலைப் பிடித்தபடி, சிரித்துக்கொண்டே கண்ணை மூடுவார். அதற்கு மேல் ஒருத்தர் நடிக்க முடியாது.

சரியாக அந்த இடத்தில் கமலவேணி அக்கா டிவியை அணைத்துவிடுவார்.

“கரண்ட் போச்சு வடிவு.”

தலைக்கு மேல் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும். கண் போனால் காற்றுகூடவா தெரியாது?

அப்புறம் முடிவை அவரே சொல்வார். டாக்டர் ஓடிவந்து ஊசி போட்டாராம். வனமாலினி எழுந்து உட்கார்ந்துவிட்டாளாம். குழந்தையைத் தூக்கிக்கினு ஆட்டோவில் வீட்டுக்குப் போனாளாம். ஒரு வாரம் கதையில் ஆரத்தி எடுப்பார்கள். அடுத்த வாரம் பத்தியத்துக்குப் பூண்டுக்குழம்பு வேறு சேரும். வடிவாம்பாள் அக்கா “அப்புறம்?” “அப்புறம்?” என்று கேட்டுக்கொண்டே இருப்பார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவ்வளவு பெரிய நடிப்பை இப்படியா நாசம் பண்ணுவது? அதுவும் பார்க்க முடியாதவரிடம்?

அம்மாவிடம் சொன்னேன். பெரியவர்கள் விஷயம் உனக்கெதற்கு, பிளஸ் டூ ரிசல்ட் வருது, அதைப் பாரு என்று விரட்டினாள்.

போன வெள்ளிக்கிழமையும் அதே ஊசி, அதே ஆட்டோ. கமலவேணி அக்கா டீ போட உள்ளே போனதும் எனக்குப் பொறுக்கவில்லை.

“அக்கா, உங்கள ஏமாத்துறாங்க. கரண்ட்லாம் போகல. படத்துல அவ செத்துடுவா. அவங்க வரட்டும், மூஞ்சிக்கு நேராவே கேக்கறேன்.”

வடிவாம்பாள் அக்கா தடவி என் மணிக்கட்டைப் பிடித்தார். வலித்தது.

“வாய மூடு. கண்ணு நல்லா இருந்தப்போ அந்தப் படத்த தியேட்டர்ல ஏழு வாட்டி பார்த்தவ நான். அவ சாவறது எனக்குத் தெரியாதா?”

“அப்புறம் ஏன்க்கா வாராவாரம் அதையே போடச் சொல்றீங்க?”

உள்ளே டம்ளர் சத்தம் கேட்டது. அவர் குரலை இன்னும் தாழ்த்தினார்.

“இவ பொண்ணு காயத்ரி பிரசவத்துக்குப் போனவ, திரும்பி வரலமா. ரெண்டு வருஷம் இவ யார்கிட்டயும் வாயே திறக்கல. பொண்ணு பொழைச்சி வூட்டுக்கு வந்துட்டான்னு இப்பத்தான் சொல்லிக்கினு இருக்கா. அத நம்பறதுக்கு ஒருத்தியாவது வேணாமா?”