சிவப்பெழுத்து வராத பொருத்தம்

“உத்தமம்! பாரும் தம்பி, பச்சையில எழுதியிருக்குது!” கலியாணத் தரகர் முருகேசர் கைபேசியை ரஜீபனின் மூக்குக்கு நேரே நீட்டினார். “நெடுந்தீவுப் பொம்பிளை ஒண்டுக்கு இப்பதான் பொருத்தம் பாத்தனான். முந்தியெண்டால் நீர் எழுதின இந்தப் பொருத்தம் பாக்கிற புரோகிராம் ‘பிழை, பிழை’ எண்டு சிவப்பில கத்திப்போட்டு நிண்டுபோகும். சனம் அபசகுனம் எண்டு எழும்பிப் போயிடும்.”

ரஜீபனுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. மாப்பிள்ளை யார் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை, பெரிய மூளைக்காரனுக்கு! முருகேசர் தேத்தண்ணி குடிக்கக் குசினிப் பக்கம் போனார்.

நிலாந்தினி கணினியைத் தன் பக்கம் இழுத்து, அதே புரோகிராமில் விவரங்களைத் தட்டிப் பார்த்தாள். அவனோடு வேலை செய்பவள். கட்டினால் இவளைத்தான் என்று அவனும் சொல்லிக்கொண்டிருந்தான், வீட்டுக்குத் தெரியாமல்.

“இதென்ன கூத்து? நான் ஒரு பெட்டியை நிரப்பாமல் விட்டனான். அதுக்கும் உத்தமம் எண்டுதே!”

“உள்ளுக்க என்ன பிழை வந்தாலும் பிடிச்சு விழுங்கிப்போட்டு, உத்தமம் எண்டு காட்டச் சொல்லியிருக்கிறன். இனி நிண்டுபோகாது.”

“பிழையைப் பிடிக்கிறது விழுங்கிறதுக்கே? என்ன குறையுது எண்டு தன்மையாக் கேக்கிறதுக்கு. நீர் முழுப் பூசணிக்காயைச் சோத்துக்குள்ள மறைக்கிறீர்.”

“நீர் சோதினைக்குப் படிச்சதைச் சொல்லுறீர். எனக்குச் சனத்தைத் தெரியும்.”

சனத்தைத் தெரியுமாம்! அவள் உதட்டைச் சுழித்தாள். “அப்ப எங்கட விசயத்தை அம்மாவிட்ட எப்ப சொல்லுவீர்?”

“என்ன அவசரம்? இடம்பெயர்ந்து ஓடேக்க வன்னிக் காட்டுக்குள்ள பிறந்தனான். மணிக்கூடு பாக்க ஆர் இருந்தது? சாதகம் இல்லாத எனக்கு வாற சம்பந்தமெல்லாம் அதிலயே நிண்டுபோகுது. அம்மா களைச்சுப்போய்த் தானாவே உம்மைக் கேப்பா.”

நல்ல கெட்டிக்காரன். வாயைத் திறக்கப் பயம், அதற்கு இப்படி ஒரு சாட்டு.

குசினியிலிருந்து அம்மா சறோஜினிதேவி கற்கண்டோடு ஓடி வந்தார். கண்ணெல்லாம் தண்ணீர்.

“தம்பி, முருகேசண்ணை உனக்குத்தான்ரா பாத்தவர்! பிறந்த நேரம் போடாமலே உத்தமமாம்!”

“ஐயோ அம்மா, அது... அது பிழை...”

நிலாந்தினி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“உன்ர புரோகிராமில பிழையே வராதாமடா, நான் பொம்பிளை வீட்டுக்கு ஓம் எண்டு சொல்லிப்போட்டன்!”