பிரவுசரின் மிதப்பு

காசிராஜனின் கம்ப்யூட்டரில் இருந்த பிரவுசருக்கு, எதைக் கொடுத்தாலும் திறந்துவிடுவோம் என்று ஒரு மிதப்பு. ஒருநாள் கேமராவிலிருந்து நேரே வந்த கல்யாணப் படக் கோப்பு ஒன்று, கனத்த உடம்போடு அதன் முன்னால் வந்து நின்றது.

"அண்ணே, காசிராஜனோட அம்மா இப்ப இல்லை. அவங்க இருக்கிற ஒரே படம் நான்தான். நிழல்ல நிக்கிறாங்க, என்னை முழுசாப் படிச்சாத்தான் முகம் தெரியும். உங்களுக்குப் படிக்கத் தெரியுமா?"

"எனக்கா தெரியாது? பேசாம வாடா," என்றது பிரவுசர். உண்மையில் அதற்குத் தெரியாது. கோப்புக்குள் கிடந்த சின்ன மாதிரிப் படத்தை மட்டும் உருவிக் காட்டியது.

"வெறும் இருட்டுதான் விழுந்திருக்கு," என்று காசிராஜன் கோப்பை அழித்துவிட்டான்.

"தம்பி, நான் முழுசாப் படிக்கலைப்பா," என்று சொல்ல பிரவுசர் வாயெடுத்தபோது, அவன் அதையும் மூடிவிட்டு எழுந்து போய்க்கொண்டிருந்தான்.