கெம்பம்மாவை எங்கே வைப்பது?

"எரிக்கறதா? எங்க அம்மாவையா?"

சுசித்ரா போட்ட சத்தத்தில், வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பின்னே, கத்தாமல் என்ன செய்வாள்? கிருஷ்ணகிரியிலிருந்து வழியெல்லாம் அழுதுகொண்டே வந்து இறங்குகிறாள். அதற்குள் அண்ணன் மாதேஷ் ஓசூர் மின்மயானத்துக்குச் சொல்லிவிட்டானாம். அந்தக் குடும்பத்தில் இதுவரை யாரையும் எரித்தது கிடையாது. சொந்த நிலத்தில் குழி வெட்டி, சமாதி கட்டி, பொங்கலுக்குப் பொங்கல் விளக்கு வைப்பதுதான் வழக்கம்.

"அப்பா பக்கத்துல வைக்கலாம்னா, அந்த நிலத்தைத்தான் கம்பெனிக்கு எடுத்துக்கிட்டாங்களே. உள்ளயே விடமாட்டாங்க" என்றான் மாதேஷ்.

"ரோட்டோரம் மேட்டு நிலம் இருக்கில்ல? அது அம்மாவோடதுதானே? அங்க வைக்க என்ன கேடு?"

"அங்க வேணாம்."

"அதான் ஏன்னு கேக்கறேன்."

"வேணாம்னா விடு சுசி. அம்மாவே எரிக்கத்தான் சொல்லுச்சு."

அம்மா சொன்னதாம்! கரண்டு அடுப்பைத் தொடவே பயந்த கெம்பம்மா, கரண்டு சுடுகாட்டுக்குக் கொண்டுபோ என்று சொன்னாளாம்! காதில் பூ சுற்ற வேறு ஆள் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

சுசித்ராவுக்குச் சட்டென்று பொறி தட்டியது. அவள் வந்து இறங்கியபோது வாசலில் நின்றிருந்தானே, நில புரோக்கர் கரியப்பன்! எழவு வீட்டில் அவனுக்கு என்ன வேலை? அண்ணனிடம் குசுகுசுவென்று பேசிவிட்டு, இவளைக் கண்டதும் நழுவினான். அண்ணி வினிதா வேறு, "ஏங்க, காரியம் முடியட்டும், அவகிட்ட இப்ப எதுவும் சொல்லாதீங்க" என்றது காதில் விழுந்ததே!

சமாதி இருக்கிற நிலத்தை எவன் வாங்குவான்? பிளாட் போடுகிறவன் பார்த்தால் வந்த வழியே ஓடிவிடுவான்.

"நான் அன்னைக்கே சொன்னேன்ல, உங்கண்ணன் அமுக்கிடுவான்னு" என்று காதைக் கடித்தான் அவள் புருஷன் பூபதி.

அவ்வளவுதான். சுசித்ரா நேரே தாய்மாமன் சென்னப்பனிடம் போனாள். பிறந்த வீட்டுக் கோடிப் புடவையோடு அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தார் மனுஷன்.

"மாமா, நிலத்தை விக்கறதுக்காகப் பெத்தவளைச் சாம்பலாக்கப் பாக்கறான் எங்கண்ணன். என்னன்னு கேளுங்க."

சென்னப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"ஏன்டா மாதேஷ், எங்க அக்காளுக்குப் படுக்க ஒரு குழி எடம் இல்லையாடா?"

மாதேஷ் தலையைக் குனிந்துகொண்டான். அது போதாதா சுசித்ராவுக்கு?

"வாயத் தொறந்து பேசுண்ணா. பெத்த தாயைவிட நிலம் பெருசாப் போச்சா? நீயெல்லாம் ஒரு புள்ளையா?"

கூட்டம் மொத்தமும் அவனையே பார்த்தது. மாதேஷுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அது என் நிலமே இல்ல சுசி. உன்னுது."

"என்னது?"

"போன வருசமே அம்மா உயில் எழுதிடுச்சு. நான்தான் கூட்டிக்கிட்டுப் போனேன். உன் பொண்ணு காவியாவைப் படிக்க வைக்க ஆகும்னு சொல்லுச்சு. 'நான் அங்க போய்ப் படுத்துட்டா எம்பொண்ணுக்கு நிலம் விலை போகாது, என்னை எரிச்சுடுடா'ன்னு என் கையைப் புடிச்சுக்கிட்டு அழுதுச்சு. முன்னாடியே சொன்னா மாப்பிள்ளை அப்பவே விலை பேச ஆரம்பிச்சுடுவாருன்னு, தான் போற வரைக்கும் உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னுச்சு. கரியப்பன் கேட்டு வந்ததும் உன் நிலத்தைத்தான். என் தங்கச்சிதான் முடிவு பண்ணணும், போய்ட்டு அப்புறம் வான்னு அனுப்பி வெச்சேன்."



சென்னப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சுசித்ரா பக்கம் திரும்பினார்.

"அவ அப்படித்தான்மா, தனக்குன்னு எதையும் வெச்சுக்க மாட்டா. ஆனா எங்கக்காளை எரிக்க எனக்கும் மனசு ஒப்பல. இப்பதான் நிலம் உன்னுதுன்னு ஆயிடுச்சே! நீ ஒரு வார்த்தை சொல்லு, ஆளுங்களைக் குழி வெட்ட அனுப்பிடறேன்."

சுசித்ரா புருஷனைப் பார்த்தாள். பூபதி லேசாகத் தலையை ஆட்டினான், வேண்டாம் என்று.

அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"அம்மாவோட கடைசி ஆசையை மீறினா பாவம் இல்லீங்களா, மாமா? வண்டியை வரச் சொல்லுங்க."