புளியங்கொட்டைகள்

ஏழாவது முறையாகப் பிடிபட்ட பிக்பாக்கெட் காத்தமுத்துவை, நீதிபதி ஜெயிலுக்கு அனுப்பாமல் திருத்தப் பயிற்சிக்கு அனுப்பினார். அங்கிருந்த முப்பது ஜேப்படிக்காரர்களுக்கும் ஒரே பயிற்சிதான்: நெரிசலான பஸ்ஸில் ஏறி, பயணிகளுக்குத் தெரியாமல் அவர்கள் சட்டைப்பையில் ஒரு புளியங்கொட்டையைப் போட்டுவிட்டு வர வேண்டும். எடுத்தே பழகிய காத்தமுத்துவின் கைக்கு முதலில் போட வரவில்லை. ஆறு மாதத்தில் தேறிவிட்டான்.

"திருந்திட்டய்யா, வீட்டுக்குப் போ" என்று தோளில் தட்டி, பஸ்ஸுக்கு ஒரு நோட்டும் கொடுத்து அனுப்பினார் வார்டன்.

ஊருக்குப் போகிற பஸ்ஸில் டிக்கெட் எடுக்கச் சட்டைப்பைக்குள் கையை விட்டான். கை நிறையப் புளியங்கொட்டை. வார்டன் கொடுத்த நோட்டு மடிப்புக் கலையாமல் அடியில் கிடந்தது. தன் பையில் இன்னொருவன் கை நுழையும் என்று அவன் கனவிலும் நினைத்ததில்லை. நெஞ்சின் மேலேயே, கூடப் பயின்றவர்களின் இத்தனை கைகள் வந்து போயிருக்கின்றன.

"என்னய்யா, பர்ஸைக் காணோமா?" என்றார் கண்டக்டர்.

"எதுவும் போகலைங்க."

ஆனால் பையைப் பொத்திய கையை அவனால் எடுக்க முடியவில்லை. பறிகொடுத்தவர்கள் இப்படிப் பொத்திக்கொண்டு நிற்பதைத் தள்ளி நின்று எத்தனையோ முறை பார்த்துச் சிரித்திருக்கிறான்.

பின்சீட்டில் யாரோ சிரித்தார்கள்.