மூன்றாவது புரோக்கர்

தோன்யா எதெல்மிராவின் வீட்டை விற்றுத் தர மூன்று புரோக்கர்கள் வந்தார்கள். மூவரில் ஒருவர் அயோக்கியர் என்பது அவர் காலில் கிடந்த பளபள ஷூவிலேயே தெரிந்தது. சிலோயே தீவின் சேற்றில் யோக்கியன் எவனும் அப்படி ஷூ போட மாட்டான்.

ஊரார் மரியாதையாகத் 'தோன்யா' என்று கூப்பிடும் எதெல்மிராவுக்கு எழுபது தாண்டிவிட்டது. கணவர் போன பிறகு தனிக்கட்டை. கடலுக்கு அக்கரையில், லெமுய் தீவில், ஒரே தங்கை இடுப்பு ஒடிந்து கிடந்தாள். அவள் பக்கத்தில் போய் இருந்தாக வேண்டும். வைத்தியமும் பார்த்தாக வேண்டும். அதற்காகத்தான் விற்பனை.

முதலில் வந்தவர் உள்ளூர்க்காரர், சர்ச்சில் பாடுகிறவர். "மனையைவிட வீட்டுக்குத்தான் மதிப்பு தோன்யா. ரெண்டையும் சேர்த்து நல்ல விலைக்கு முடிச்சுத் தரேன்" என்றார். எதெல்மிரா காபி கொடுத்து அனுப்பிவிட்டார். இரண்டாமவர் வீட்டை இன்னும் கொஞ்சம் தூக்கிப் பேசினார். அவருக்குக் காபிகூடக் கிடைக்கவில்லை.

மூன்றாமவர்தான் பளபள ஷூ. பெயர் லிரா, சந்தியாகோ நகரத்துக்காரர். சுவரைத் தட்டிப் பார்த்தார். எதெல்மிரா அடுப்புப் பக்கம் திரும்பிய நேரத்தில் பலகையை நகத்தால் சுரண்டி மோந்தும் பார்த்தார். பிறகு எழவு வீட்டுக்கு வந்தவர் போல முகத்தை வைத்துக்கொண்டார்.

"அம்மணி, மனசு கஷ்டப்படாதீங்க. இது வீடு இல்ல, விறகு. இதுக்கு ஒரு பேசோ கூடப் போகாது. விலை மனைக்கு மட்டும்தான். இடிச்சு அள்ளற செலவு வேற இருக்கு."

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க ஐயா, காது மந்தம்."

லிரா சத்தமாகச் சொன்னார். வேலிக்கு அந்தப் பக்கம் உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்த எரிபெர்த்தோவுக்கும் கேட்டது.

"சரிங்க ஐயா, நீங்களே வித்துக் குடுங்க" என்றார் எதெல்மிரா.

கார் கிளம்பியதும் எரிபெர்த்தோ மண்வெட்டியோடு வேலியைத் தாண்டி வந்தார்.

"உங்களுக்கா காது மந்தம்? என் வீட்ல நான் இருமினா இங்கேருந்தே மருந்து சொல்றவங்களாச்சே! தோன்யா, இது பூரா அலெர்சே மரம். இப்ப வெட்டவே தடை. பொன் மாதிரி போகும். அது தெரிஞ்சுதான் அந்த ஆளு சும்மா அமுக்கப் பாக்கறான். போயும் போயும் அவனா கிடைச்சான்?"

"அவருதான்பா எனக்குத் தோது."

"வித்துட்டு எங்க படுப்பீங்க? தங்கச்சி குடிசைல பூனை நுழைஞ்சாலே இன்னொண்ணு வெளிய வரணும்."

எதெல்மிரா அடுப்பில் விறகைத் தள்ளினார்.

ஒரே வாரத்தில் லிரா ஆள் பிடித்துவிட்டார். வாங்குகிறவர் அவருடைய சொந்த மச்சான். நோட்டரி முன்னால் உட்கார்ந்தபோது எதெல்மிரா மறுபடியும் காதைத் தடவ, லிரா பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவது முறையாகச் சொன்னார்: "மனைக்கு மட்டும்தான் அம்மணி! வீடு கணக்கிலேயே இல்ல!" கையெழுத்தானது. பணம் கைமாறியது. திங்கட்கிழமை காலி செய்வதாகப் பேச்சு.

திரும்பும்போது காரில் மாமனும் மச்சானும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். "பலகையைக் கழட்டி வித்தாலே போட்டது வந்துரும். மனை நமக்கு ஓசி!"

அன்று மாலை எரிபெர்த்தோ வந்தார். "ஊரே கொதிச்சுப் போய் இருக்கு தோன்யா. ஒரு வார்த்தை சொல்லுங்க."

எதெல்மிரா கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஞாயித்துக்கிழமை எல்லாரும் வந்துருங்க. கயிறு தடிமனா இருக்கட்டும். காலி பீப்பாய் எத்தனை கிடைக்குமோ அத்தனையும் வேணும். கடல் ஏறி நிக்கற நேரமா பார்த்துக்கோ. நடுக்கடல்ல முடிச்சு அவுந்துச்சுன்னா மானம் போயிரும்."

எரிபெர்த்தோவின் முகம் மெல்ல மலர்ந்தது. "அந்த ஆளுக்குத் தெரிஞ்சா?"

"தெரியறப்ப எல்லாம் முடிஞ்சிருக்கும்."

ஞாயிறு காலை, கயிறும் பீப்பாயுமாக ஊரே கூடிவிட்டது. வந்ததும் முதல் வேலையாகக் கொல்லையில் ஆழமாக ஒரு குழி வெட்டினார்கள். லிரா ஓட்டல் அறையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார், பாவம்.

திங்கட்கிழமை லிரா மச்சானோடு வந்து கேட்டைத் திறந்தார். ஐந்தே நிமிடத்தில் போலீஸ்காரர் மான்சியாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினார்.

"திருட்டு! பட்டப்பகல் திருட்டு!"

"என்ன திருடு போச்சு ஐயா?"

"வீடு!"

மனையில் வீட்டைத் தாங்கிய மரக்கட்டைகள் மொட்டையாக நின்றன. குழியில் ஊரார் வேக வைத்துத் தின்ற சிப்பிகளின் ஓடுகள் குவிந்திருந்தன. அங்கிருந்து கடல் வரைக்கும் ஒரே மாட்டுக் குளம்புத் தடம்.

மான்சியா அக்கரையைக் காட்டினார். லெமுய் தீவின் மேட்டில், தங்கையின் குடிசைக்குப் பக்கத்தில், அதே கூரை. அதே புகைபோக்கி. காலைக் காபிக்கான புகை.

"எங்க ஊர்ல குடி போறவங்க வீட்டையும் மாடு பூட்டி இழுத்து, பீப்பாய் கட்டிக் கடல்ல மிதக்க விட்டுக் கூடவே கொண்டுட்டுத்தான் போவாங்க. இங்கேயே விட்டுட்டுப் போனா ஆளில்லாம நனையும்ல?"

"புகார் எழுதுய்யா!"

"எழுதிரலாம். திருடு போன பொருளோட மதிப்பு?"

லிரா வாயைத் திறப்பதற்குள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து எரிபெர்த்தோ சொன்னார்: "ஒரு பேசோ கூட இல்லன்னு ஐயாவே மூணு தடவை சொன்னாரு!"

லிரா விடவில்லை, சட்டம் பேசினார், மேலிடம் பேசினார். மான்சியாவும் மறுக்கவில்லை, நோட்டைக்கூடப் பிரித்தார்.

பேனாவைத்தான் பிடிக்க முடியவில்லை; ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கயிறு இழுத்ததில் அவருடைய இரண்டு உள்ளங்கைகளும் கொப்பளித்துக் கிடந்தன.