உறுதிமொழிக் குழு

சட்டசபையில் அமைச்சர்கள் கொடுத்த வாக்குறுதிகள் நிறைவேறினவா என்று பார்க்கும் குழு, வருசநாட்டு ஆற்றங்கரையில் வந்து இறங்கியது.

"பாலம் கட்டித் தர்றோம்னு சபையில சொல்லிப் பத்து வருஷமாச்சு. ஒரு தூணு கூட இல்லையே, வெக்கமா இல்ல?" குழுத் தலைவர் இன்ஜினீயர் மீது பாய்ந்தார்.

கூட்டத்தில் நின்ற மலையம்மாளுக்குக் கண் கலங்கியது. "இங்கன ஆத்தைத் தாண்டுறப்பத்தான் எம்புருசன் வெள்ளத்தோட போயிட்டாக. எங்களுக்காகக் கேக்க நீங்களாச்சும் வந்தீகளே! சொல்லி ஏமாத்துன அந்த அமைச்சரை மட்டும் விட்டுறாதீக சாமி."

"எவனா இருந்தாலும் விளக்கம் கேட்போம்மா."

காரில் ஏறி உட்கார்ந்ததும் தலைவர் இன்ஜினீயரிடம் கேட்டார். "அப்ப யாருய்யா அமைச்சர்?"

இன்ஜினீயர் ஜன்னலருகே குனிந்தார். "நீங்கதான் சார்."

கண்ணாடி மெல்ல மேலேறியது.

அந்தக் கார் வளைவில் மறையும்வரை கும்பிட்டபடியே நின்றாள் மலையம்மாள்.