பீர் முகமது கடைச் சரக்கு

"ஸ்பேனர் வழுக்குது. செத்த நேரம் பொறுங்க!"

டிரைவர் ராயப்பராஜ் இதைச் சொல்வது மூன்றாவது தடவை. கொடைக்கானலுக்கு அதுதான் கடைசி பஸ். நாலு மணிக்கே வத்தலக்குண்டை விட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். இப்போது மணி நாலேகால். ராயப்பராஜின் கால்கள் மட்டும் வண்டிக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தன.

"ஒரு நட்டை முடுக்க இம்புட்டு நேரமா?" என்று ஜன்னல் வழியாகக் கத்தினாள் சுந்தரம்மாள் என்ற பயணி.

"நான் என்னம்மா செய்ய? முன்னாடி இது இங்கிலாந்துலருந்து வந்துச்சு. நட்டைப் பிடிச்சா விடாது. இப்ப அதே கம்பெனிக்காரன் பட்டறையை இங்க கொண்டாந்துட்டான். முத்திரை அப்படியே இருக்கு, இரும்பைத்தான் காணோம்! போன மாசம் திண்டுக்கல் பீர் முகமது கடையில வாங்குனது. அதுக்குள்ள வாயைப் பொளந்துருச்சு!"

பஸ்ஸே சிரித்தது. மூன்றாவது சீட்டில் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர்தான் பீர் முகமது.

பாவம், அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கண்ணுசாமி. மலைமேல் பெரிய காப்பித் தோட்டம் ஒன்றின் கணக்குப்பிள்ளை. தோட்டத்துக்கு அறுபது மண்வெட்டியும் நூறு கவாத்துக் கத்தியும் தேவைப்பட்டன. அந்த ஆர்டர் கிடைத்தால்தான் இரண்டு வருஷமாகத் தள்ளாடிக்கொண்டிருந்த கடை நிமிரும். அதனால் திண்டுக்கல்லில் ஏறியதிலிருந்து பாய் பேசிப் பேசியே அவரைக் கரைத்திருந்தார்.

"சீமைச் சரக்கு நின்னுபோச்சு, ஒத்துக்கிறேன். இங்க செய்யுறதுல பத்துக்கு நாலு பழுது, அதையும் ஒத்துக்கிறேன். ஆனா நான் ஒவ்வொண்ணையும் தட்டிப் பார்த்து, பழுதைத் திருப்பி அனுப்பிட்டுத்தான் மத்ததைக் கடையில வைக்கிறேன். பீர் முகமது கடைச் சரக்கு காலை வாரிவிட்டுச்சுன்னு ஒருத்தன் சொல்லட்டும், கடையை மூடிடுறேன்!"

"அப்ப ஆர்டர் உங்களுக்குத்தான் பாய்" என்று கண்ணுசாமி சொல்லி இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அதற்குள் ஒருத்தன் சொல்லிவிட்டான். அதுவும் நாற்பது பேர் காதில் விழ.

"என்ன பாய் இது?" என்றார் கண்ணுசாமி.

பாய் பதில் சொல்வதற்குள் பஸ் முழுக்கப் பேச்சு பற்றிக்கொண்டது. ஒருவருக்குச் சவரக்கத்தி முடியை விட்டுவிட்டுத் தோலைச் சீவுகிறதாம். சுந்தரம்மாள் புதிதாக வாங்கிய அரிவாள்மனையில் கத்தரிக்காய்கூட நசுங்குகிறதாம். "வெள்ளைக்காரன் போறப்ப இரும்பையும் கூட்டிக்கிட்டுப் போயிட்டான்" என்றது பின்சீட்டு. குறை சொல்ல ஏதாவது கிடைத்துவிட்டால் நம் ஜனங்களுக்கு நேரம் போவதே தெரியாது.

பாய்க்கு முகம் சிவந்துவிட்டது.

"எது வழுக்குதுன்னு இப்பக் காட்டுறேன், பாருங்க!"

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். வண்டிக்கு அடியில் தலையை விட்டார்.

"ஏம்ப்பா, நான்தான் பீர் முகமது! குடு அந்த ஸ்பேனரை!"

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. டைம் கீப்பர்தான் நோட்டும் பென்சிலுமாக வந்து நின்று அதட்டினார். "என்னய்யா, வண்டி ஏன் நிக்குதுன்னு எழுதட்டும்?"

பாய் வெளியே வந்தார். முழங்கை வரை கிரீஸ்.

"ரிப்பேர்னு எழுதுங்க சார். டிரைவர் சொல்றது நெசம்தான். எங் கடைச் சரக்கு, வழுக்கத்தான் செய்யுது. இன்னும் பத்து நிமிஷமாவது ஆகும்."

பஸ் விழுந்து விழுந்து சிரித்தது. பாய் வழியெல்லாம் பேசியதைக் கேட்டுக்கொண்டு வந்த முன்சீட்டுக்காரர், "கடையை எப்ப பாய் மூடுறீக?" என்றார். பாய் தலையைக் குனிந்துகொண்டு ஏறி உட்கார்ந்தார். கண்ணுசாமி முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

நாலரை மணிக்கு, துணி மூட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடுவயதுக்காரி ஒருத்தி ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தாள். சேவுகம்பட்டி மாயக்காள். படியில் கால் வைத்ததுமே அழுதுவிட்டாள்.

"வண்டி போயிருக்கும்னுல்ல நெனைச்சேன் சாமி! எம் மக மலை ஆஸ்பத்திரியில பிரசவத்துக்குக் கெடக்கா. நெலமை சரியில்ல, உடனே வான்னு சொல்லிவிட்டாக."

சுந்தரம்மாள் நகர்ந்து இடம் கொடுத்தாள். ராயப்பராஜ் கையைத் துடைத்துக்கொண்டு ஏறினான். வண்டி கிளம்பியது.

மலையடிவாரத்தில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற நிறுத்தினார்கள். கண்ணுசாமி இறங்கி டிரைவரிடம் போனார்.

"நல்லவேளை தம்பி, உன்னால தப்பிச்சேன். இல்லேன்னா அந்த ஆளு அம்புட்டுப் பழுதையும் எந் தலையில கட்டியிருப்பாரு."

ராயப்பராஜ் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"ஐயா, ஸ்பேனர் வழுக்கவே இல்ல. மாயக்காவுக்கு ஆஸ்பத்திரிச் சேதியை மத்தியானம் கொண்டாந்து சொன்னதே நான்தான். இந்த வண்டிக்கு வந்துர்றேன்னு சொல்லியிருந்துச்சு. கடைசி வண்டி, விட்டா விடிஞ்சுதான். ஆனா ஒரு ஆளுக்காக வண்டியை நிறுத்துனா எனக்கு வேலை போயிரும். ரிப்பேருக்கு நிறுத்துனா ஒண்ணும் கேக்க மாட்டாக. அதான் அப்படிச் சொன்னேன். வாங்குன கடைப் பேரு வாயில வந்துருச்சு. பாய் ஒரே முடுக்குல என் பொய்யைக் கண்டுபிடிச்சிட்டாரு."

"பெறகு?"

"விஷயத்தைச் சொன்னேன். 'அப்படியா? அந்தம்மா வந்து ஏறுற வரைக்கும் என் கடையைத் திட்டிக்கிட்டே இருய்யா'ன்னாரு."